வாசல் இருக்கும் பாதி

ஒர்வியேத்தோ
9 டிசம்பர் 1971

அன்புத் தங்கை எர்சிலியாவுக்கு,

நான் நலம். என் இருமல் என்னைவிட நலம். உன் கல்லீரலும் மாப்பிள்ளை குவால்தியேரோவின் அபிப்பிராயங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது.

நீ கேட்டபடி பன்னிரண்டு குடுவை ஒயினை மிலான் ரயிலில் ஏற்றிவிட்டேன். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நம் குகை ஒயினை நீ கேட்பது இதுவே முதல் முறை. பாதிரியார்களும் பல் போனவர்களும் குடிக்கிற சர்க்கரைத் தண்ணீர் என்று மாப்பிள்ளை சொன்னது எனக்கு மறக்கவில்லை. இப்போது அவருடைய ரசனைச் சங்கத்தில் "மண்ணின் ஒயின்" குடிப்பது நாகரிகமாகிவிட்டது என்கிறாய். மிலான்காரர்களுக்கு மண் என்றால் பூந்தொட்டியில் இருப்பது. போகட்டும்.

கவனமாகப் படி. இது முடிந்துபோன ஒயின் இல்லை. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே குகையின் குளிர் அதைத் தூங்க வைத்துவிட்டது. பாதிச் சர்க்கரை தின்னப்படாமல் மிஞ்சியிருக்கிறது. சூடு பட்டால் விழித்துக்கொண்டு அதையும் தின்று தீர்த்துவிடும். குடுவைகளைப் பால்கனியில் வை. வீட்டுக்குள் வைக்காதே.

கோழி ஈரலை வெங்காயம், இரண்டு நெத்திலி, கொஞ்சம் எலுமிச்சைத் தோலோடு வதக்கி அரைத்து, சுட்ட ரொட்டியில் தடவிக் கொடு. எட்டுப் பேருக்கு அரைக் கிலோ ஈரல். கடைசியில் பேரிக்காயும் கோர்கோன்சோலா சீஸும். ஈரலின் கசப்புக்கும் சீஸின் உப்புக்கும் நடுவில் உட்காரத்தான் இந்த இனிப்பு. மீன் சூப்போடு ஊற்றினால் என் பெயரைச் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்,
உர்பானோ


மிலான்
3 பிப்ரவரி 1972

அன்புள்ள அண்ணா,

கல்லீரல் சொன்னபடி கேட்கிறது. அவரும் நலம். உன் இருமலுக்குப் புகையிலையை விடு என்று எழுதினால் விடவா போகிறாய்? அதனால் எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். படித்தபடி செய்யவில்லை. எதிர்வீட்டு நோட்டரியின் மனைவி எங்கள் பால்கனியை ஒரு நாளைக்கு நான்கு முறை ஆய்வு செய்கிறாள். அங்கே வைக்கோல் சுற்றிய பன்னிரண்டு குண்டுக் குடுவைகள் நின்றால், நாங்கள் சாப்பாட்டுக்கடை திறந்துவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சாகிவிடும். துணி அலமாரிக்குள் வைத்தேன். அலமாரியின் பின்னால் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் போகிறது. ஏழு வாரம்.

விருந்தன்று சாயங்காலம் ஒரு தக்கை பறந்து வந்து என் மாமியார் படத்தின் நெற்றியில் பட்டது. போய்ப் பார்த்தால் நான்கு குடுவைகள் என் கம்பளிக் கோட்டுகளைக் குளிப்பாட்டி முடித்திருந்தன. மிச்சத்தை ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தது. இனிப்பு துளியும் இல்லை. புளிப்பும் பச்சைப் பாதாமின் கசப்பும்தான். கடைகள் மூடிவிட்டன. வேறு வழியில்லாமல் அதையே மேசையில் வைத்தேன்.

சங்கத்தின் தலைவர் காசிராகி கோப்பையைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். அவர் கண் திறக்கும்வரை மற்ற ஏழு பேரும் மெல்லவில்லை.

"ஒழுக்கமுள்ள ஒர்வியேத்தோ ஒயினை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்," என்றார். "இதைச் செஞ்சவன் தன் கையைத் தானே கட்டிப்போடத் தெரிஞ்சவன். யாரும்மா அது?"

என் அண்ணன் என்றேன். உன்னைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் தாழாமல் இருந்தது அன்றுதான்.

குழாய் விஷயம் நமக்குள் இருக்கட்டும். ஈரல் தீர்ந்துவிட்டது. சளி பிடிக்காமல் இரு.

எர்சிலியா


ஒர்வியேத்தோ
12 பிப்ரவரி 1972

எர்சிலியாவுக்கு,

உடம்பு பரவாயில்லை. மனது பரவாயில்லை என்று எழுத முடியவில்லை.

உன் கடிதத்தைப் பக்கத்துக் குகைக்காரன் பல்மீரோவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் பீப்பாய்மேல் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டான். கடைசியில், "உன் தங்கச்சி பொணத்துக்குப் பவுடர் போட்டு அழகிப் போட்டிக்கு அனுப்பி, பரிசும் வாங்கிட்டாடா," என்றான். இதைவிட நன்றாக என்னால் எழுத வராது.

உங்கள் காசிராகி எத்தனை ஒயின் சுவைத்தவர்? நாற்பதாயிரம் என்று போன வருஷம் மாப்பிள்ளை சொன்னார். நாற்பதாயிரம் முறை கோப்பையைச் சுழற்றியவருக்கு, தூங்குகிற ஒயினுக்கும் செத்த ஒயினுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நம் அப்பாவின் கழுதைக்குத் தெரியும். அது கெட்ட பீப்பாயைக் கடக்கும்போது நின்றுவிடும்.

ஈரலாவது தீர்ந்ததே. அங்கே உண்மையைப் புரிந்துகொண்ட உறுப்பு வயிறு ஒன்றுதான் போலிருக்கிறது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.
உர்பானோ


மிலான்
20 மார்ச் 1972

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? நான் சுகம். அவர் வேலை விஷயமாகத் தூரினுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்.

நல்ல செய்தி. காசிராகியின் மைத்துனருக்குப் புட்டித் தொழிற்சாலை இருக்கிறது. அவர் நம் குகையை வாங்கிக்கொள்கிறார். எஃகுத் தொட்டி வைத்து, கடைசிச் சொட்டுச் சர்க்கரைவரை நொதிக்கவிட்டு, அன்று குடித்த அதே ஒயினை ஆயிரக்கணக்கில் செய்வாராம். லேபிளில் அப்பாவின் படம் வரும். மீசையை மட்டும் கொஞ்சம் குறைப்பார்கள். சான் மார்த்தினோ நாளில், நவம்பர் பதினொன்றில், எதிர்வீட்டு நோட்டரி முன்னிலையில் கையெழுத்து. பத்திரத்தை என் வீட்டுக்காரரே எழுதி வைத்துவிட்டார். இது நடந்தால் இவருக்குச் சங்கத்தின் துணைத்தலைவர் பதவி.

நீ உன் பாதியை விற்றாலும் விற்காவிட்டாலும் நான் என் பாதியை விற்கப்போகிறேன். யாருக்கும் பிடிக்காத ஒன்றை உலகத்துக்கே பிடிக்கும்படி மாற்றித் தருகிறார்கள். வருத்தப்பட இதில் என்ன இருக்கிறது?

ஈஸ்டருக்குச் சீஸ் ரொட்டி செய்ய நினைக்கிறேன். நான்கு பேருக்கு அளவு எழுது.

இருமல் எப்படி?
எர்சிலியா


ஒர்வியேத்தோ
27 மார்ச் 1972

எர்சிலியாவுக்கு,

இருமல் வளர்கிறது. உன் கணவரின் புகழும் அப்படியே என்று அறிகிறேன்.

அப்பா குகையைப் பிரித்த விதம் உனக்கு மறந்திருக்கலாம், நினைவூட்டுகிறேன். மேல் பாதி உனக்கு, கீழ் பாதி எனக்கு. கதவும் எழுபத்திரண்டு படிகளும் உன் பாதியில் இருக்கின்றன. குளிர் என் பாதியில் இருக்கிறது. என் பாதியை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. ஆனால் நீ விற்ற மறுநாள், என் ஒயினிடம் போக நான் குகைக்குள் திறக்கும் கிணற்று வழியாகக் கயிற்றில் இறங்க வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மேலே நிற்கும் எஃகுத் தொட்டிகளின் சூடு கீழே இறங்கினால் என் ஒயினும் விழித்துக்கொள்ளும். பிறகு இந்த ஊரில் அரை இனிப்பு ஒயின் வேண்டுமென்றால் அகராதியில் தேட வேண்டியதுதான்.

என்னிடம் ஒரு தபால் அட்டை இருக்கிறது. அதில், "ஐயா காசிராகி, தாங்கள் பாராட்டியது என் தங்கை வீட்டு வெந்நீர்க் குழாயை," என்று எழுதினால் இடம் மிச்சமாகும். இன்னும் எழுதவில்லை.

நான்கு பேருக்கு: மாவு ஒரு கிலோ, முட்டை எட்டு, ஆட்டுப்பால் சீஸ் முக்கால் கிலோ. ஈஸ்டர் காலையில் உப்புப் பன்றிக்கறியும் அவித்த முட்டையும் பக்கத்தில் வை. சீஸின் காரத்தை அடக்க நம் ஒயினால் மட்டும்தான் முடியும். இரண்டு குடுவை அனுப்புகிறேன். அவற்றை எங்கே வைப்பது என்று உன்னைப் போன்ற நிபுணருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்டர் வாழ்த்துகள், நான்கு பேருக்கும்.
உர்பானோ


மிலான்
15 ஏப்ரல் 1972

அண்ணா,

நீ நலமாக இருப்பாய். கோபப்படுகிறவர்கள் நலமாகவே இருக்கிறார்கள்.

அந்த அட்டையை அனுப்பாதே. அனுப்பினால் இவருக்குப் பதவி போகும், எனக்கு இந்தத் தெருவில் நடமாட முகம் இருக்காது. நீ கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஒருத்தி எதன்மேல் நின்றுகொண்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதை எட்டி உதைக்க மாட்டாய்.

ரொட்டி நன்றாகவே வந்தது, அளவுதான் அதிகம். வருவதாகச் சொன்ன தம்பதி வரவில்லை. அவருக்கு ஈஸ்டர் அன்றும் தூரினில் வேலை. முக்கால் ரொட்டியைக் கட்டடக் காவல்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பார்க்கிற பார்வை சரியில்லை. மீதியை உன் ஒயினோடு நின்றபடியே சாப்பிட்டேன். மோசமில்லை. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே.

ஈரலை இரண்டு பேருக்குச் செய்ய எவ்வளவு வேண்டும்?

எர்சிலியா


ஒர்வியேத்தோ
24 மே 1972

எர்சிலியாவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குத் தோட்ட வேலை காரணம். வேறொரு காரணமும் உண்டு. எட்டு, நான்கு, இரண்டு என்று உன் கடிதங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து முற்றத்தில் பெந்தெகொஸ்தே புறா இறங்கியது. வழக்கம்போலப் புறாவைக் கம்பியில் கட்டிப் பட்டாசு நடுவே இறக்கினார்கள். வழக்கம்போல அது உயிரோடு வந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று ஊரே வாய் பிளந்து நின்றது. உயிரோடுதான் வந்தது. ஆனால் அதன் முகத்தைப் பார்த்த பல்மீரோ, "இதுக்கு இனிமே இந்த ஊர்ல ஒருத்தன்மேலயும் மரியாதை இருக்காது," என்றான். மாப்பிள்ளையின் சங்கத்தில் இவனைச் சேர்த்தால் ஒருவராவது உண்மையைச் சுவைப்பார்.

அட்டை மேசையில்தான் கிடக்கிறது. முகவரி எழுதவில்லை.

இரண்டு பேருக்கு நூற்று முப்பது கிராம் ஈரல், ஒரு நெத்திலி. இன்னும் இரண்டு குடுவை வருகிறது. கோடையில் பால்கனியும் ஆகாது.

உடம்பு எப்படி இருக்கிறது? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உர்பானோ


மிலான்
30 ஆகஸ்ட் 1972

அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கேட்டது ஜூன் முதல் வாரம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் மை உலர்ந்துவிட்டது.

குடுவைகளைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். இடம் தாராளமாக இருக்கிறது.

கையெழுத்து ஆகுமுன்பே குவால்தியேரோவைத் துணைத்தலைவர் ஆக்கிவிட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்திருந்தது. அதனால்தான் எனக்கும் தெரிந்தது. அக்டோபர் கடைசியில் எங்கள் வீட்டில் விருந்து வைத்து, காசிராகியும் மைத்துனரும் பத்திரத்தைச் சரிபார்ப்பார்கள் என்று தொலைபேசியில் சொன்னார். சமையல் ஒர்வியேத்தோ சமையலாக இருக்க வேண்டுமாம். கையெழுத்து நாள் மாறவில்லை.

இப்போது அத்திப்பழம் வருகிறது. ஒருவருக்கு எத்தனை வாங்கலாம்?

எர்சிலியா


ஒர்வியேத்தோ
6 செப்டம்பர் 1972

எர்சிலியாவுக்கு,

நலம். அறுவடைக்குக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறோம். கயிறு வாங்கிவிட்டேன், முப்பது மீட்டர். கடைக்காரன் மாடு கட்டவா என்று கேட்டான். ஏறக்குறைய என்றேன்.

அத்திப்பழம் ஆறு. மேலே மெல்லிய உப்புப் பன்றித்தொடை, பக்கத்தில் நம் ஒயின். ஈரல் மட்டும் ஒருவருக்குச் செய்யாதே. அவ்வளவு கொஞ்சமாகப் போட்டால் வாணலியில் பிடித்துக்கொள்ளும். அந்தப் பண்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வேண்டும்.

விருந்துக்கு ஆறு குடுவை அக்டோபரில் வரும். போன வருஷம் அனுப்பினேனே, அதே பீப்பாய். எது சரி என்று படுகிறதோ அங்கே வைத்துக்கொள். வாசல் இருக்கும் பாதி உன்னுடையது.

அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். உன் வீட்டைப் பற்றி ஊருக்குச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

உர்பானோ


மிலான்
29 அக்டோபர் 1972

அண்ணா,

நலம். உண்மையாகவே நலம். இரவு ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

குடுவைகள் ஆறும் பால்கனியில், வரிசையாக, நோட்டரியின் மனைவி எண்ணுவதற்கு வசதியாக நின்றன.

நேற்று விருந்து. இவர் ஆறு மணிக்கு வந்து, தன் வீட்டில் கோட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நின்றார். கோட்டில் தூரினின் வாசனை, வயலட் பூவும் ஏதோ பவுடரும். இருபத்திரண்டு வருஷமும் என் கையைப் பிடித்தே பழகியவர்போல, என் கையைப் பிடித்துக்கொண்டு காசிராகியிடம் பேசினார். நான் ஈரல் ரொட்டியை எடுத்துவரப் போனேன்.

ஒயினை ஊற்றினேன். காசிராகி சுழற்றினார், நுகர்ந்தார், வாயில் விட்டார். உடனே கைக்குட்டையில் துப்பினார்.

"என்னம்மா இது, பாதிரியார் குடிக்கிற சர்க்கரைத் தண்ணி? போன தடவை கொடுத்தியே, அந்த ஒயின் எங்கே?"

"அதே பீப்பாய்தான்," என்றேன். "அப்போ எங்க வெந்நீர்க் குழாய் பக்கத்துல ஏழு வாரம் இருந்துது. கெட்டுப்போச்சு. நீங்க பாராட்டின ஒழுக்கம் அந்தக் குழாயோடது. வேணும்னா குழாயைக் கழட்டித் தரேன், அதை விக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை."

சங்கத்தின் துணைத்தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். "எர்சிலியா, உனக்கு உடம்பு சரியில்லை."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. தூரின்ல எல்லாரும் சௌக்கியமா?"

இருபத்திரண்டு வருஷமாகக் கடிதம் தவறாமல் நலம் விசாரித்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையாக விசாரித்தது நேற்றுத்தான்.

காசிராகி தொப்பியைத் தேடிக்கொண்டு கிளம்பினார். அந்த மனிதருக்கு அவமானத்தின் சுவையும் புதிது என்று நினைக்கிறேன், வாயைக் குவித்துக்கொண்டே போனார். இவர் அவர் பின்னாலேயே படியிறங்கினார், விளக்கம் சொல்லியபடி. மைத்துனர் மட்டும் உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஐந்தாவது ரொட்டியோடு இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டார். நன்றாக இருக்கிறதே என்றார், தவறு செய்தவர்போல. மீதி ஈரலைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பத்திரத்தில்தான் கட்டிக் கொடுத்தேன், தடிமனான காகிதம்.

நான் உனக்காக இதைச் செய்ததாக ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே. உன் பிடிவாதமும் உன் இருமலும் உன் கழுதைக் கதைகளும் எனக்கு இப்போதும் சகிக்கவில்லை.

சான் மார்த்தினோ அன்று வீடு மாறுவது நம் பக்கத்து வழக்கம். பதினொன்றாம் தேதி மதிய ரயில். இரண்டு பெட்டி, என் மாமியார் படம் இல்லை. குகையில் என் பாதியில் உன் ஸ்கூட்டர் நிற்கிறது என்று, அந்தப் பக்கம் போய்வந்த காவல்காரியின் மருமகன்கூடச் சொல்கிறான். எடுத்துவிடு.

எர்சிலியா


ஒர்வியேத்தோ
4 நவம்பர் 1972

எர்சிலியாவுக்கு,

நலம். இந்தப் பக்கத்துச் செய்தி அவ்வளவுதான்.

ஸ்கூட்டரை எடுக்க மாட்டேன். வந்து நீயே தள்ளு, கல்லீரலுக்கு நல்லது. கயிற்றைப் பல்மீரோவுக்குக் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த வெந்நீர்க் குழாயையும் கையோட கொண்டுவரச் சொல்லு, துணைத்தலைவர் ஆக்கிடலாம்," என்கிறான். அவன் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். இனி தினமும் கேட்க வேண்டியிருக்கும், இப்போதே யோசித்துக்கொள்.

மதிய ரயில் மூன்றரைக்கு வரும், ஸ்டேஷனிலிருந்து மலையேறும் கேபிள் வண்டி வேலை செய்யாது, பெட்டியை நான் தூக்க மாட்டேன், இருமல். பல்மீரோ தூக்குவான், புலம்புவான்.

அன்று புது ஒயின் திறக்கும் நாள். அளவு எழுதுகிறேன், சரிபார்: காட்டுப் புறா இரண்டு, கஷ்கொட்டை ஒரு கிலோ, ஈரல் நூற்று முப்பது கிராம், நெத்திலி ஒன்று.

குகைக்கு என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. ஆனால் கதவு உன்னுடையது. பதினொன்றாம் தேதியிலிருந்து தட்டிவிட்டுத்தான் நுழைவேன்.

உர்பானோ